எச்சவியல்: பதினான்கில் ஒரு பங்கு லாரியும் எஞ்சிய திருகும்

பாயிரம்

நூலைத் தொடங்குமுன் எட்டுச் செய்திகளைச் சொல்லிவிட வேண்டும் என்கிறது நன்னூல். சொல்லிவிடுகிறேன்.

ஆக்கியோன் பெயர்: வீட்டில் என்னை அழைக்கும் பெயர் அச்சேறத் தக்கதன்று. வழி: பெட்டியோடு வந்த கையேடு முதல்நூல், இது வழிநூல். எல்லை: வடக்கே டி.வி. ஸ்டாண்டு, தெற்கே சாப்பாட்டு மேசை, கிழக்கே பால்கனிக் கதவு, மேற்கே சோபா. நூற்பெயர்: மேலே காண்க. யாப்பு: திருகும் பசையும். நுதலிய பொருள்: ரேடியோவால் ஓட்டும் லாரி ஒன்றைக் கிட்டிலிருந்து நாற்பது இரவுகளில் கட்டி முடித்தபின் மிஞ்சிய ஒரே ஒரு திருகு. கேட்போர்: எட்டாவது படிக்கும் மகள், வேறு வழியில்லாமல். பயன்: ஒரு சால்வை.

இத்துறையில் முன்னாய்வு எதுவும் இல்லை. இல்லை என்பதை முப்பது பக்கத்தில் நிறுவுவது மரபு. தாள் விலை கருதி ஒரு வரியோடு விடுகிறேன்.

முதல்நூலின் காலம் பற்றி ஐயமில்லை. ஜப்பானின் ஷிசுவோகா நகரத்தில் 1946இல் மரம் அறுக்கும் தொழிலாகத் தொடங்கிய தமியா, பிறகு மரத்தில் மாதிரிகள் செய்தது. 1960இல் யமாட்டோ போர்க்கப்பலைக் கொண்டு பிளாஸ்டிக்குக்கு மாறியது. 1976இல் போர்ஷே 934 காரை ரேடியோவால் ஓடவிட்டது. 1993இல் கிங் ஹாலர் என்ற பெயரில் பதினான்கில் ஒரு பங்கு அளவுள்ள லாரியைக் கொண்டுவந்தது. என் லாரி அந்த வழியில் பின்னால் பிறந்தது. ஆண்டுகள் இப்படிப் பளிச்சென்று தெரிவது ஆய்வுலகுக்குப் பேரிழப்பு. தொல்காப்பியரைப் போல இந்த லாரியையும் ஆயிரம் ஆண்டு முன்னே இழுக்கவும் ஆயிரம் ஆண்டு பின்னே தள்ளவும் வாய்ப்பிருந்திருந்தால் எத்தனை குடும்பங்கள் பிழைத்திருக்கும்!

எழுத்ததிகாரம்

உதிரிகளே எழுத்து. அவை ஏ, பி, சி, டி எனப் பெயரிட்ட பைகளில் வரும். எல்லாப் பைகளையும் முதல் நாளே ஒரு தாம்பாளத்தில் கொட்டி அழகு பார்ப்பவர்கள் உண்டு. அவர்களுக்காக ஒரு நூற்பா யாத்திருக்கிறேன்: "பைவிட்டுக் கலந்தது கைவிட்டுப் போமே." இதனால் சொல்லியது யாதோ எனின், நானும் கொட்டினேன் என்பது.

உயிர்: 540 வகை மோட்டாரும் 7.2 வோல்ட் பேட்டரியும். மெய்: அலுமினியச் சட்டம். உயிர்மெய்: மோட்டாரைச் சட்டத்தில் பூட்டிய நிலை. சார்பெழுத்து: வாஷர்; தனித்து நின்றால் பொருளில்லை. ஆய்தம்: ஆலன் கீ, பெயரே போதும். குற்றியலுகரம்: பேட்டரி இறங்கும்போது மோட்டார் எழுப்பும் ஓசை.

கியர்பாக்ஸ் மூன்று வேகம் கொண்டது. கனத்தை இழுக்கும் முதல் கியர் வல்லினம். சத்தமில்லாமல் ஓடும் மூன்றாம் கியர் மெல்லினம். இரண்டுக்கும் நடுவில் இருப்பதை இடையினம் என்று நான் சொல்லாமலே நீங்கள் சொல்லிவிட்டீர்கள். கியரை மாற்றுவதற்கென்றே ஒரு சர்வோ உண்டு. சர்வோவை முதலில் நடுநிலைக்குக் கொண்டுவந்துவிட்டு அதன்பின் கொம்பைப் பூட்ட வேண்டும். பூட்டிவிட்டு நடுநிலையைத் தேடினால் வண்டி இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏறாது. நடுநிலை தவறிய உரையாசிரியர்களுக்கும் இதே கதிதான், பெயர் வேண்டாம்.

கையேடு ஜப்பானியம், ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு ஆகிய நான்கு மொழிகளில் பேசுகிறது. நடைமுறையில் அது படங்களால் பேசும் நூல். ஒவ்வொரு படியின் ஓரத்திலும் அந்தப் படிக்கு வேண்டிய திருகுகளை உள்ளபடியே, அசல் அளவில் வரைந்து, நீளத்தையும் பருமனையும் எழுதியிருக்கிறார்கள். பக்கத்துக்கு ஓர் அழகு சேர்க்கும் வேலைப்பாடு என்ற அளவில் இதைப் பாராட்டிவிட்டு மேலே செல்கிறேன்.

சொல்லதிகாரம்

வண்டி கட்டுபவர் வாயில் வரும் சொல் இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்கு வகைப்படும்.

இயற்சொல்: "ச்சே."

திரிசொல்: மகள் அறைக்குள் நுழையும்போது, பாதி சொல்லிவிட்ட சொல்லை வழியிலேயே வேறாகத் திரித்து முடிப்பது. "போடா நா... நாற்காலி" என்பது காட்டு.

வடசொல்: "ராமா."

திசைச்சொல்லுக்குச் சற்று விரிவான விளக்கம் வேண்டும். ஈ-வளையம் என்றொரு பொருள் இருக்கிறது. கால் அங்குலத்துக்கும் சிறியது, எஃகால் ஆனது. அச்சின் பள்ளத்தில் அதை அழுத்திப் பொருத்த வேண்டும். அழுத்தும் விரல் மயிரிழை பிசகினால் "டிக்" என்று ஓர் ஒலி கேட்கும். அதன்பின் வளையம் இருக்கும் திசையை நோக்கிச் சொல்லப்படுவதே திசைச்சொல். செந்தமிழ் நாட்டைச் சூழ்ந்த நிலங்கள் பன்னிரண்டு என்பது மரபு. என் வளையம் பதின்மூன்றாவதுக்குப் போயிற்று.

ஆங்கில எழுத்தின் வடிவில் இருப்பதால் இதற்கு இப்பெயர் வந்தது என்பார் உளர். மேலோட்டமான கருத்து. "ஈ" தூய தமிழ்ச்சொல். அது பறக்கும், கண்ணில் படாது, தேடும்போது கிடைக்காது, சாப்பாட்டில் கிடைக்கும். வளையத்துக்கும் இந்த நான்கு இயல்பும் உண்டு. ஆகவே ஜப்பானியர் இப்பெயரை நம்மிடமிருந்தே பெற்றனர் என்பது வெளிப்படை. சான்று கேட்பவர்களுக்கு அடுத்த மாநாட்டில் விடை உண்டு, பயணப்படி கிடைத்தால்.

அடுத்து வரிவடிவச் சிக்கல். ஜப்பானியத் திருகின் தலையில் ஒரு கூட்டல் குறி. நம் வீட்டுத் திருப்புளியின் முனையிலும் ஒரு கூட்டல் குறி. பார்த்தால் ஒன்றுபோல இருக்கும், ஒன்றல்ல. நம் கையில் இருப்பது பெரும்பாலும் 1930களில் அமெரிக்காவில் வந்த ஃபிலிப்ஸ் வகை. அழுத்தம் கூடினால் அதன் முனை வழுக்கி மேலே எழும்பும். தமியாவின் திருகு ஜேஐஎஸ் என்னும் ஜப்பானியத் தரத்தைச் சேர்ந்தது. அதற்கென்று வெட்டிய முனையைப் போட்டால் ஆழமாக உட்கார்ந்துகொள்ளும். இது தெரியாமல் முதல் மூன்று இரவுகளில் ஏழு திருகுகளின் தலையை மொட்டையடித்தேன். "மரை கழண்டுபோச்சு" என்றார் மாடிவீட்டு மாமா. திருகைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா என்பதில் பாடபேதம் உண்டு (மாடிவீட்டு மாமா, படிக்கட்டுப் பேருரை, தண்ணீர் மோட்டார் போடப் போகும் வழியில்).

பொருளதிகாரம்

எழுத்தும் சொல்லும் வல்லவர்கள் கிடைத்தார்கள், பொருளதிகாரம் வல்லவர்தான் கிடைக்கவில்லை என்று பாண்டியன் வருந்திய கதையை இறையனார் அகப்பொருள் உரை சொல்கிறது. எங்கள் வீட்டில் மாதக் கடைசியில் இதே நிலை. கிட், சுங்கம், பேட்டரி, சார்ஜர், பெயின்ட் ஆகியவற்றின் விலையைப் பற்றிய இந்த அதிகாரம் செல்லரித்துவிட்டது. வீட்டில் யாரும் தேட வேண்டாம்.

அளவையியல்

பதினான்கில் ஒரு பங்கு என்பது நீளத்துக்கு மட்டும் உரிய கணக்கு. எடைக்குப் பதினான்கை மூன்று முறை பெருக்க வேண்டும்: 2744. ஏழு டன் எடையுள்ள லாரியை இப்படிச் சுருக்கினால் இரண்டரைக் கிலோ சொச்சம் வரும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தைப் பதினான்கால் வகுத்தால் 5.7, மாலையில் பூங்காவைச் சுற்றும் மாமாவின் வேகம். ஆகவே பொம்மை லாரி நெடுஞ்சாலையில் பறக்கும் அழகைக் காண விரும்புவோர், மாமாவோடு நடந்துகொண்டே காண வேண்டும்.

பெயின்ட் பற்றி இரண்டு வரி. லாரியின் கெட்டி பிளாஸ்டிக் உடலுக்கு டிஎஸ் என்று போட்ட ஸ்பிரே, வெளிப்புறத்தில். கண்ணாடிபோன்ற பாலிகார்பனேட் கார் உடலுக்குப் பிஎஸ், உட்புறத்தில். மாற்றி அடித்துவிட்டு மூலபாடம் தவறு என்று சொல்லக் கூடாது.

குரோம் பூசிய உதிரிகளுக்கு ஒரு வரி: பசை படும் இடத்தில் பூச்சைச் சுரண்டிவிட்டு ஒட்டவும், பளபளப்பின்மேல் எதுவும் ஒட்டாது, வாழ்நாள் சாதனையாளர் விருதைத் தவிர.

இனி எலுமிச்சை. புது வண்டியின் சக்கரத்துக்கு எலுமிச்சை வைத்து நசுக்கிவிட்டுத்தான் ஓட்டுவது நம் வழக்கம். என் லாரிக்குப் பத்து டயர். நாலு சென்டிமீட்டர் பழத்தை அப்படியே வைத்தால், லாரிக்குள் உட்கார்ந்திருக்கும் கற்பனை டிரைவரின் கண்ணுக்கு அது 56 சென்டிமீட்டர் பாறை, சடங்காகாது, சாலைவிபத்தாகும். பழத்தையும் பதினான்கால் வகுத்தால் மூன்று மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறையும். இந்த அளவில் வீட்டில் கிடைப்பது எது? கடுகு சிறிது, மிளகு பெரிது. அறிஞர்கள் கடுகுக் கட்சி, மிளகுக் கட்சி என்று பிரிவது நிச்சயம். தனியாவே பொருத்தம் என்று நான் தனியாகச் சொல்லி வைக்கிறேன். பத்துத் தனியாவையும் லாரி நசுக்கவில்லை, சிதறடித்தது. அவற்றுள் ஆறு சோபாவுக்கு அடியில் போயின.

எச்சவியல்

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கடைசி இயலுக்கு எச்சவியல் என்று பெயர். வேறு எங்கும் அடங்காதவற்றைப் போட்டுவைக்க ஓர் இயல். எங்கும் அடங்காத திருகைப் போட்டுவைக்க எனக்கும் ஓர் இயல் வேண்டும்.

திருகை வருணிக்கிறேன். நிறம் கறுப்பு. தலை உருண்டை. தலையில் மேற்சொன்ன கூட்டல் குறி. நீளம் "சின்னது" (மனைவி) என்றும் "அப்படியொன்றும் சின்னதில்லை" (மைத்துனர்) என்றும் இருவேறு பாடம். அளந்து பார்ப்பது உரைமரபுக்கு மாறானது என்பதால் இரண்டையும் அப்படியே தருகிறேன். திருகு தற்போது ஒரு தீப்பெட்டி மூடியில் இருக்கிறது.

லாரி நன்றாகவே ஓடுகிறது என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். விளக்கு எரிகிறது, எஞ்சின் உறுமும் ஓசை ஒலிபெருக்கியில் வருகிறது. முன்பம்பர் மட்டும் இடப்பக்கம் ஒரு நூல் தாழ்ந்து நிற்கும். இதைச் சிலர் குறை என்பர். சிற்பத்தில் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தால் மூன்று கட்டுரை எழுதுகிறோம். லாரிக்கு அந்த மரியாதை கிடையாதா? இதற்கு "பம்பர்ச் சாய்வழகு" என்று பெயரிட்டுவிட்டு, இந்த இயலுக்குத் தொடர்பில்லாதது என்பதால் விடுகிறேன்.

திருகு ஏன் எஞ்சியது? ஐந்து கொள்கைகள் உள்ளன.

முதலாவது, உபரிவாதம். பெட்டி கட்டியவர் கூடுதலாக ஒன்று போட்டார் என்பது. காய்கறி வாங்கினால் கொத்தமல்லி கொசுறாக வருவதில்லையா என்று கேட்கிறார் மைத்துனர் (தொலைபேசி உரை). ஷிசுவோகாவில் கொசுறு வழக்கம் உண்டா என்று யாரும் ஆராய்ந்ததில்லை. எனவே இக்கொள்கையை மறுக்க முடியவில்லை; மறுக்க முடியாததால் ஏற்க விருப்பமில்லை.

இரண்டாவது, இடைச்செருகல்வாதம். இந்தத் திருகு லாரிக்கு உரியதே அன்று. மிக்ஸி, ஃபேன் ரெகுலேட்டர், மூக்குக்கண்ணாடி ஆகியவற்றுள் ஒன்றிலிருந்து பிற்காலத்தில் நுழைந்தது என்பது. நமக்குப் பிடிக்காத பகுதியை இடைச்செருகல் என்று தள்ளும் வசதியை முன்னோர் நமக்கு விட்டுச் சென்றிருக்கிறார்கள். ஆனால் மிக்ஸி ஓடுகிறது. ஃபேன் சுற்றுகிறது. மூக்குக்கண்ணாடியைப் பதினைந்து நாளாகக் காணவில்லை என்று மாமியார் சொல்வதை மட்டும் இவ்வாதத்துக்குத் துணையாகக் கொள்ளலாம் (மாமியார், திண்ணைக் குறிப்புகள், மதியத் தூக்கத்துக்கு முந்தைய பகுதி, தூக்கத்துக்குப் பிந்தைய பகுதியில் கண்ணாடி தலைமேல் இருந்தது).

மூன்றாவது, கடல்கோள்வாதம். என் உள்ளத்துக்கு மிக நெருக்கமானது. திருகு எஞ்சவில்லை, அதற்குரிய பாகம்தான் அழிந்தது என்பது இதன் சாரம். சோபாவின் அடிப்புறம் ஒரு காலத்தில் பெருநிலமாக இருந்தது. அங்கே ஈ-வளையம் ஒன்றும், தனியா ஆறும், இன்றைக்கு ஜோடி இல்லாத காலுறைகளும் வாழ்ந்தன. வெள்ளிக்கிழமை வீடு கழுவியபோது வந்த ஊழியால் அந்நாகரிகம் முழுவதும் மூழ்கியது. லாரியின் அழிந்த பாகம் எது என்று கேட்பவர்கள், அது அழிந்துவிட்டது என்பதையே அது இருந்ததற்குச் சான்றாகக் கொள்ள வேண்டும். இந்த வாதமுறை என் கண்டுபிடிப்பன்று, நன்கு பழகியது.

நான்காவது, இலக்கணவாதம். எஞ்சி நிற்பது எச்சம். எச்சம் இருவகை. திருகு பெயர் கொண்டு முடியுமாயின் பெயரெச்சம். வினை கொண்டு முடியுமாயின் வினையெச்சம். "திருகி" என்பது வினையெச்சம். அது ஒரு முற்றுவினையை வேண்டி நிற்கிறது. திருகி... என்ன செய்தான்? விட்டான், மறந்தான், ஒளித்தான், தூங்கினான் என்று முற்றுகள் பலவாதலின், உரியது எது என்று துணிய முடியவில்லை. பால்கனிக் கம்பியில் இருக்கும் காக்கையின் எச்சமும் எச்சமே என்று நினைவூட்டினார் மாமா (மாடிவீட்டு மாமா, "திருகும் திருவும்", கையெழுத்துப்படி, மின்கட்டண ரசீதின் பின்புறம், மேல்வரி, கீழ்வரி காபிக் கறையால் சிதைந்துள்ளது. கறை மூலத்துக்கு உரியதா, படியெடுத்தவர் வீட்டுக் காபியா என்பது தனி ஆய்வுக்குரியது, காபி கள்ளிச்சொட்டு என்பது மட்டும் உறுதி).

ஐந்தாவது, இல்லறவாதம். "ஒண்ணு மிஞ்சியிருந்தா ஒண்ணு போடலன்னு அர்த்தம்." எளிமையாக இருப்பதால் ஆய்வுத் தகுதி குறைவு (இல்லத்தரசியார், "சமையலறைத் தீர்ப்புகள்", தொகுதி 19, குக்கரின் மூன்றாம் விசிலுக்கும் நான்காம் விசிலுக்கும் இடைப்பட்ட பகுதி, விரிவாக்கிய மறுபதிப்பு அன்றிரவே வெளிவந்தது, "சாப்பாட்டு மேசையை எப்போ காலி பண்ணுவீங்க" என்னும் பின்னிணைப்பு மூலப்படியில் இல்லை).

ஐந்தையும் ஒப்பிட்டு, கடல்கோள்வாதமே சிறந்தது என்று முடிவு கட்டி, மேற்கண்டவற்றை நல்ல தாளில் எழுதி, மகளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் நான்காவது வாதம் வரை கேட்டாள். ஐந்தாவதில் எழுந்து போய்க் கையேட்டை எடுத்து வந்தாள். தீப்பெட்டி மூடியிலிருந்து திருகை எடுத்து, பக்கங்களைப் புரட்டிப் புரட்டி, ஓரத்தில் இருந்த படங்களின் மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். ஒரு பக்கத்தில் திருகு படத்தை அச்சாக மூடியது.

"அப்பா, இதான். மூணு மில்லி பருமன், பத்து மில்லி நீளம். முன்னாடி பம்பர்ல ரெண்டு போடணும்னு இருக்கு. நீங்க எத்தனை போட்டீங்க?"

நான் பம்பர்ச் சாய்வழகைப் பற்றி விளக்கத் தொடங்கினேன். அவள் அதற்குள் திருப்புளியைத் தேடப் போய்விட்டாள்.

1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் ஒரே நூலின் பல ஏடுகளை ஊர் ஊராகத் தேடிச் சேர்த்து, அருகருகே வைத்துப் பார்த்தார். நான் ஊர்விட்டு ஊர் போகத் தேவையில்லாமல் இருந்தது. ஏடும் பொருளும் ஒரே மேசையில், அரை அடி இடைவெளியில் கிடந்தன. நாற்பது இரவு அவற்றை அப்படியே விட்டுவிட்டு ஐந்து கொள்கைகள் கண்டேன்.

இந்த ஆய்வைத் திரும்பப் பெறுவதே முறை. ஆனால் சால்வைக்குச் சொல்லியாகிவிட்டது. எனவே ஒரு பிழைதிருத்தத்தோடு அச்சுக்கு அனுப்புகிறேன். இலக்கணவாதத்தில் துணியப்படாமல் நின்ற முற்றுவினை: முடுக்கினாள். பம்பர் நேராக நிற்கிறது. தீப்பெட்டி மூடி காலி.